மாப்பிள்ளை கொடுத்த கந்தகம்

ரப்பரைப் பற்றி நான் யாரிடமாவது பேச ஆரம்பித்தால் என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள். அவளுக்கு அலுப்பு என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அலுப்பெல்லாம் இல்லை. அந்தப் பேச்சு சுற்றிச் சுற்றி எங்கே போய் நிற்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் ஊருக்குப் போயிருக்கிற இந்த இரண்டு நாளில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சிதம்பரத்தில் வேதியியல் படித்து முடித்துவிட்டு, 2006-இல் கடலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். ரப்பர் தொழிலுக்கு வேண்டிய ரசாயனங்களை வாங்கி விற்கிற இடம். என் வேலை பைக்கில் ஊர் ஊராகச் சுற்றுவது. டயருக்கு ரீட்ரேடிங் போடுகிற கடை, செருப்புக்கு அடிப்பாகம் வார்க்கிற கொட்டகை, பம்புசெட்டுக்கு ரப்பர் குழாய் செய்கிற ஷெட் என்று மங்கலம்பேட்டை வரைக்கும் என் எல்லை. நான் அதிகம் விற்றது கரையாத கந்தகம். விற்றது மட்டுமில்லை, அதைப் பற்றி நிறையப் பீற்றிக்கொண்டேன்.

பீற்றிக்கொள்ள விஷயமும் இருந்தது. கந்தகம் சேர்க்காத ரப்பர் வெறும் பிசின். கோடையில் ஒட்டும், மார்கழியில் விறைக்கும். கந்தகத்தைக் கலந்து சூடு காட்டினால்தான் அது ரப்பராக நிற்கும். ஆனால் சாதாரண மஞ்சள் கந்தகத்திடம் ஒரு கெட்ட குணம் உண்டு. ரோலரில் ரப்பரோடு சேர்த்து அரைக்கும்போது அந்தச் சூட்டில் கரைந்துவிடும். ரப்பர் ஆறினதும் உள்ளே தங்க முடியாமல் மேலே வந்து வெள்ளையாகப் பூத்து நிற்கும். பாகு ஆறினால் பாத்திரத்தின் விளிம்பில் சர்க்கரை பூக்கிறதல்லவா, அந்த மாதிரி. அப்படிப் பூத்த தகட்டை இன்னொரு ரப்பர் மேல் வைத்தால் ஒட்டாது. கரையாத கந்தகத்துக்கு அந்த வம்பு கிடையாது. அது ரப்பரில் கரையாமல், போட்ட இடத்திலேயே பொடியாக உட்கார்ந்திருக்கும். அச்சில் வைத்து நீராவி கொடுக்கும்போதுதான் சாதாரணக் கந்தகமாக மாறித் தன் வேலையைச் செய்யும். டயரில் ஒன்றின் மேல் ஒன்றாக ரப்பரை ஒட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. அதற்கு ஆகாதது ஒன்றே ஒன்று: காலத்துக்கு முன்னால் படுகிற சூடு. மூட்டையில் இருக்கும்போதே நாள்கணக்கில் சூடுபட்டால், அது சத்தம் போடாமல் பழைய மஞ்சள் கந்தகமாகவே மாறிவிடும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

இதை நான் எல்லாக் கடையிலும் சொல்வேன். "வெயில்ல போடாதீங்க, அடுப்புப் பக்கம் வெக்காதீங்க, பாய்லர் இருக்கற ரூமே வேணாம்." சரக்கை இறக்கினதும் ரசீதுக்கு முன்னால் இந்தப் பேச்சுதான் வரும். சொல்லாமல் விட்டது ஒரே ஒரு கடையில்.

2008 ஆவணியில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மாமனாருக்குச் சேத்தியாத்தோப்பில் ரீட்ரேடிங் கடை. தேய்ந்த லாரி டயரைச் சுரண்டி, அதன்மேல் குஷன் என்கிற மெல்லிய ரப்பர் தகட்டை ஒட்டி, அதற்கும் மேலே பட்டை போட்ட தடிமனான ரப்பரைச் சுற்றி, அச்சில் வேகவைப்பார்கள். மற்ற கடைக்காரர்கள் குஷனை வெளியே வாங்குவார்கள். மாமனார் சொந்தமாக ஒரு ரோலர் மில் வைத்துத் தானே அரைத்துக்கொண்டிருந்தார். சாதாரணக் கந்தகம்தான். அதனால் அன்றைக்கு அரைத்ததை அன்றைக்கே ஒட்டிவிட வேண்டும். மீந்தால் மறுநாள் பெட்ரோல் போட்டுத் துடைத்து ஒட்டுவார்கள். அந்தத் துடைக்கிற வேலையை அவர் கடையில் யாரும் ஏமாற்ற முடியாது. அவர் போட்ட டயர் உரிந்ததாக ஊரில் யாருமே சொல்லவில்லை என்று கல்யாணத்துக்கு முன்னால் விசாரிக்கப் போன என் அப்பாவே வந்து சொன்னார்.

கடைக்கு மூச்சு ஒரே ஒருவர். கரும்பு லாரிகள் வைத்திருந்த ஒரு லாரிக்காரர், மாமனாரின் பழைய சிநேகிதர். சர்க்கரை ஆலையில் அரவை தொடங்குவதற்கு முன்னால் அவருடைய லாரி டயரெல்லாம் இங்கேதான் வரும். மழைக்காலத்தில் சும்மா கிடக்கிற கடை அதை நம்பித்தான் வருஷத்தை ஓட்டியது. அவர் கைவிட்டால் ரோலர் மில்லை நிறுத்த வேண்டியதுதான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், புதிதாக வந்த எனக்கும் தெரியும்.

கல்யாணம் ஆகி முதல் ஆயுத பூஜைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வெறுங்கையோடு போகாமல் கரையாத கந்தகம் ஒரு மூட்டை கொண்டுபோய் இறக்கினேன். கடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினேன்.

"இனிமே ஷீட்டு அரச்சி ஒரு வாரம் வெச்சிருந்தாலும் வெள்ள பூக்காது மாமா. பெட்ரோலே வேணாம். சீசனுக்கு முன்னாடியே அரச்சி அடுக்கி வெச்சிக்கலாம்."

மாமனாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மாப்ள சொன்னா சரியாதான் இருக்கும்" என்றார். மூட்டையை சாமி படத்துக்குக் கீழே வைத்து, ரோலருக்கும் பாய்லருக்கும் வைத்த மாதிரியே அதற்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். கற்பூரம் காட்டுவதற்கு முன்னால், கந்தகத்துக்கு நெருப்பு காட்டலாமா என்று ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி நின்று காட்டுங்கள் என்றேன். அவ்வளவு நிதானமான மனிதர்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் புறப்படும்போது என் அப்பா, "மாமனாரு ஊட்ல போயி வாத்தியார் வேல பாக்காத" என்று சொல்லி அனுப்பியிருந்தார். முப்பது வருஷம் பாய்லர் பக்கத்தில் நின்றவரிடம், கல்யாணமாகி இரண்டு மாதம் ஆன நான், அதை இங்கே வை இதை அங்கே வை என்று சொல்வது மரியாதையாகப் படவில்லை. "பத்திரமா வைங்க மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அந்த ஐப்பசியும் கார்த்திகையும் மழை விடவே இல்லை. எங்கள் ஜில்லாவுக்கு மழை புதிதில்லைதான், ஆனாலும் அந்த வருஷம் ஜாஸ்தி. தலைதீபாவளிக்கு நனைந்துகொண்டே போய் நனைந்துகொண்டே வந்தோம். கடையில் முழங்கால் தண்ணீர் என்று மனைவி ஃபோனில் கேட்டுச் சொன்னாள். என் சரக்கு நனைந்திருக்குமோ என்று கேட்டேன். "அது பத்திரமா இருக்காம். அப்பாவே தூக்கி மேல வெச்சிட்டாராம்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கே மேலே என்று கேட்கத் தோன்றவில்லை.

தலைப்பொங்கலுக்கு மனைவி முன்னாடியே போய்விட்டாள். நான் போகி அன்று காலையில் சிதம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் கிளம்பினேன். கீரப்பாளையம் தாண்டினதும் ரோட்டோரமாக ஒரு கரும்பு லாரி சாய்ந்து நின்றது. பின்னால் நடுரோட்டில் டயர்ப் பட்டை ஒன்று நீளமாக உரிந்து கிடந்தது. தொழில் புத்தி, வண்டியை நிறுத்திவிட்டு அதைப் புரட்டிப் பார்த்தேன். நன்றாக ஒட்டியிருந்து பிறகு கிழிந்திருந்தால் உட்பக்கம் பிய்ந்து சொரசொரவென்று இருக்கும். இது வாழைப்பழத் தோலை உரித்த மாதிரி வழவழவென்று இருந்தது. ஒட்டவே இல்லை என்று அர்த்தம். குஷன் பூத்திருக்க வேண்டும்.

டிரைவர் ஜாக்கியைப் போட்டுக்கொண்டே பேசினார்.

"இன்னா சார் பாக்கற? சேத்தியாத்தோப்புல போட்டது. நல்ல ஆளு சார் அவுரு, இத்தினி வருசத்துல ஒரு டயரு உரிஞ்சது கெடையாது. மருமவன் வந்தான் பாரு, எதோ மருந்த மாத்திக் குடுத்துட்டானாம். அதுலருந்து எல்லாம் இப்பிடித்தான். எதுருல ஸ்கூல் பஸ் வந்துச்சு சார், எப்பிடி ஒடிச்சன்னு எனக்கே தெர்ல."

நான் பட்டையைக் கீழே வைத்தேன்.

"நீங்க இன்னா சார் பண்றீங்க?" என்று கேட்டார்.

"வாத்தியார்" என்றேன்.

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று தெரியவில்லை. அங்கிருந்து சேத்தியாத்தோப்பு வரைக்கும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஓட்டினேன். யாராவது பார்த்து அந்த மருமகன்தானே என்று கேட்டுவிடுவார்களோ என்று இருந்தது.

மாமனார் வீட்டில் எப்போதும் நடக்கிற வரவேற்பைவிட அன்று கூடுதலாக நடந்தது. அத்தை சொம்புத் தண்ணீரோடு வாசலுக்கே வந்தார்கள். மாமனார், "வாங்க மாப்ள, வெயில்ல வந்தீங்களா" என்று என் பையை வாங்கிக்கொண்டார். பக்கத்திலேயே இருந்த கடை பூட்டியிருந்தது. சீசன் நடுவில் ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டேன். "பொங்கலுக்கு பசங்க ஊருக்குப் போயிட்டானுவோ" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். கொல்லையில் கை கழுவப் போனேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் டயர்களை அடுக்கி, எனக்குத் தெரியக் கூடாதென்று மேலே புதுப் பாயைப் போட்டு மூடியிருந்தார்கள். விசேஷத்துக்கு வாங்கின பாய், விலைச்சீட்டுக்கூடப் பிரிக்கவில்லை. கீழே வழவழத்த பட்டைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சொன்னாள்.

"உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாரு. நீங்க மனசு சங்கடப்படுவீங்களாம்."

"மொத டயரு திரும்பி வந்தப்பவே சொல்லியிருந்தா நான் பாத்திருப்பேன் இல்ல?"

"எந்த வாயால சொல்றது? மாப்ள குடுத்த சரக்கு மட்டம்னு தலைப்பொங்கலுக்கு முன்னாடி ஃபோன் போட்டுச் சொல்லுவாங்களா?"

கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மச்சானைத் தேடிப் போனேன். மனைவியின் தம்பி, கடையை மாமனாரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டவன். அவன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"ஷீட்டு பூத்துச்சா மச்சான்?"

"பூத்துச்சு மாமா. வெள்ளையா மாவு மாதிரி. நான் பெட்ரோல் போட்டுத் தொடைக்கலாம்னேன். அப்பா உடல. மாப்ள பூக்காதுன்னு சொல்லியிருக்காரு, இது தூசின்னாரு. துணியால தட்டிட்டு ஒட்டச் சொன்னாரு."

என் காதில் விழுந்தது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அத்தனை வருஷம் துடைக்காமல் ஒரு தகட்டைக்கூட ஒட்டாத மனிதர், கண்ணெதிரே பூத்து நின்றதைத் தூசி என்று சொல்லியிருக்கிறார். பூத்திருக்கிறது என்று சொன்னால் மருமகன் பொய் சொன்னான் என்று ஆகிவிடுமாம்.

"மூட்ட எங்க இருக்கு?"

"பத்திரமா இருக்கு மாமா, வாங்க" என்று கடையைத் திறந்து கூட்டிக்கொண்டு போனான். அவன் குரலில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. பாய்லருக்கு நேர் மேலே பலகை அடித்து, அதில் என் மூட்டை. குங்குமம் கலையாமல் இருந்தது.

"கீழ வெச்சா தண்ணி ஏறுது. அதுவும் இல்லாம வர்றவன் போறவன் காலு படும், நீங்க குடுத்தது ஆச்சேன்னு அப்பா மேல ஏத்திட்டாரு. கடையிலயே ஈரம் படாத எடம் இதான் மாமா."

உண்மைதான். கடையிலேயே ஈரம் படாத இடம் அதுதான். சீசனுக்காக இரண்டு மாதமாக விறகு எரிந்து எரிந்து, அந்தப் பலகையே கறுத்துப் போயிருந்தது. பாய்லர் இப்போது அணைந்து கிடந்தது, ஆனாலும் என் கை அந்த மூட்டையைத் தொட மறுத்தது.

"இன்னா மாமா?" என்றான்.

"ஒண்ணுமில்ல மச்சான்."

மாமனாரிடம் தனியாகச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். பொங்கல் அன்று காலையில் அவர் குளித்துவிட்டு வந்ததும் பக்கத்தில் போனேன். எனக்கென்று எடுத்த வேட்டியைக் கையில் கொடுத்து, "நல்லா இருங்க மாப்ள" என்றார். சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். இலையில் முதல் கரண்டி எனக்கு விழுந்தது. தூங்கி எழுந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்படியே மாட்டுப்பொங்கல் வந்துவிட்டது, லாரிக்காரரும் வந்துவிட்டார்.

கனத்த உடம்பு, வெடுக்கென்று பேசுகிறவர், ஆனால் கெட்டவரில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அத்தை கொடுத்த காப்பியைக் கையிலேயே வைத்திருந்தார். மாமனார் நின்றுகொண்டிருந்தார். அவர் உட்காராததால் நானும் நின்றேன். மச்சான் வாசல் பக்கம், மனைவியும் அத்தையும் கதவுக்குப் பின்னால்.

"நான் சண்டை போட வர்ல" என்றார் லாரிக்காரர். "உங்கிட்ட எவ்ளோ வருசமா போடறேன். இப்ப ஏன் உரியுது? காரணம் இன்னான்னு மட்டும் சொல்லு. சொல்லிட்டியானா மிச்ச டயரும் உங்கிட்டதான். வேற எவங்கிட்டயும் போ மாட்டேன்."

இதைவிட நல்ல வார்த்தை அந்தக் கடைக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

மாமனார் என்னைப் பார்க்கவில்லை. "தப்பு என்னுதுதான்யா. பழைய கந்தகம் கொஞ்சம் கெடந்துச்சு. வீணாவுதேன்னு கலந்துட்டேன். மாப்ள குடுத்தது நல்ல சரக்கு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார்.

பொய். பழைய கந்தகத்தை அவர் எப்போதோ மூட்டைகட்டி வெளியே போட்டுவிட்டார் என்று மச்சான் சொல்லியிருந்தான்.

உண்மை ஒரே ஒரு வரி. மூட்டை பாய்லர் மேல் இருந்தது, சூட்டில் கெட்டுவிட்டது, வேறு மூட்டை வைத்து அரைத்தால் சரியாகிவிடும். அவ்வளவுதான். லாரிக்காரர் கேட்டதும் அதைத்தான். ஆனால் அந்த வரியைச் சொன்னால், பெண்சாதி பிள்ளைகள் முன்னால், சிநேகிதர் முன்னால், இந்த மனிதர் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டார் என்று ஆகும். அதுவும் எனக்கு மரியாதை செய்யப்போய். நான் அதைச் சொல்லமாட்டேன் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தபோது நெஞ்சுக்குள் ஒரு பெரிய மனுஷத்தனம் பொங்கியது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆகவே ஆகாது.

"மாமா சொல்ற மாதிரி இல்லைங்க" என்றேன். "என் சரக்குதான் மட்டம். கம்பெனியில ஏமாத்திட்டாங்க."

"மாப்ள பெருந்தன்மையா சொல்றாரு, நீ நம்பாத" என்றார் மாமனார்.

"இல்லைங்க, நெசமாத்தான் சொல்றேன்."

"மாப்ள, நீங்க சும்மா இருங்க."

லாரிக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"மாமனாரும் மருமவனும் ஒருத்தர ஒருத்தர் காப்பாத்திக்கறீங்க. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. எந்தம்பி மாதிரி ஒருத்தன் அந்த வண்டிய ஓட்டிக்கினு ரோட்ல போறான். அவன யாருய்யா காப்பாத்தறது?"

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அந்த வாரமே கொல்லையில் இருந்த டயர்களையெல்லாம் விருத்தாசலத்துக் கடைக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். புதுப் பாயை அத்தை உதறி மடித்து உள்ளே கொண்டுபோனார்கள்.

மில் அந்தக் கோடையோடு நின்றது. ரோலரைப் பிறகு யாரோ வந்து எடுத்துப் போனார்கள். மச்சான் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். மாமனார் கடையின் முன்பாகத்தில் பஞ்சர் ஒட்டவும் காற்று அடிக்கவும் ஆரம்பித்தார். பழைய வாடிக்கைக்காரர்கள் பைக்கை நிறுத்தி அவரைக் குனியச் சொல்லும்போது நான் அங்கே இருந்தால் வேறு பக்கம் போய்விடுவேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். சொல்லி இனிமேல் என்ன ஆகப்போகிறது என்று திரும்பி வருவேன். அவருக்காகத்தான் சொல்லவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கம்பெனியில் எனக்குச் சம்பளம் ஏறியது. கரையாத கந்தகத்தை வாங்குகிற கடைகளும் கூடின. எந்தக் கடையிலும் ஒரு டயர் உரியவில்லை, ஏனென்றால் எல்லாக் கடையிலும் நான் வாய் திறந்து சொல்லியிருந்தேன்.

2012 பொங்கலுக்குப் போயிருந்தோம். நானும் மாமனாரும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் கொஞ்சம் தளர்ந்திருந்தார். பேச்சுவாக்கில், என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஒண்ணு கேக்கலாமா மாப்ள? தப்பா எடுத்துக்கக் கூடாது. அன்னிக்கு அவங்கிட்ட உங்க சரக்கு மட்டம்னு சொன்னீங்களே. எனக்காகச் சொன்னீங்களா, நெசமாவே மட்டமா? இத்தினி வருசமா, என் கைதான் எங்கியோ தப்புப் பண்ணிடுச்சோன்னு யோசிச்சிக்கினே இருக்கேன்."

இப்போது யாரும் பக்கத்தில் இல்லை. சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் இனிமேல் வராது. அவருடைய கையைப் பார்த்தேன். பஞ்சர் ஒட்டுகிற கை.

"நெசமாவே மட்டம்தான் மாமா" என்றேன். "உங்க கை எந்தத் தப்பும் பண்ணல."

அவர் பெரிதாக மூச்சு விட்டார். முதுகு நிமிர்ந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவரை அப்படிப் பார்த்தேன். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. புரியாமல்தான் கேட்டார்.

"மட்டம்னு தெரிஞ்சும் அதையே ஏன் மாப்ள இன்னும் ஊரு ஊரா வித்துக்கினு இருக்கீங்க?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.